நோரீன் பாடாமல் வைத்திருந்த பாட்டு

நோரீன் டால்ட்டி என்றதும் எனக்கு முதலில் கண்ணுக்கு முன்னால் வருவது அவள் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்தான். காலையில் என் பெட்ரோல் பங்கில் நிறுத்தி, என்ஜினை அணைக்காமலே இறங்கி, கடைக்குள் வந்து நின்றபடியே ஒரு டீ குடித்துவிட்டுப் போவாள். அதற்குள் பஸ்ஸில் பிள்ளைகள் கூரையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்ப்பாள். அத்தனையும் கப்சிப். அயர்லாந்தின் கடலோரத்தில் இருக்கிற எங்கள் ஊர் கில்ஃபாராவில் இன்றைக்கு மீசை முறுக்கித் திரிகிற பல பேர் அந்தப் பார்வைக்கு நடுங்கியவர்கள்தான். என் மகனும் அதில் சேர்த்தி.

நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்த தோழிகள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா படுத்தார், பார்த்துக்கொண்டாள். அம்மா படுத்தாள், பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரையும் கல்லறையில் சேர்த்த பிறகும் மாடுகள் இருந்தன, பஸ் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற வேலை இருந்தது. இறுக்கமானவள், சிரிக்க மாட்டாள் என்று சிலர் சொல்லுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். காலை ஐந்து மணிக்குக் கடல் காற்றில் மாட்டுக்குத் தீனி போட்டுப் பாருங்கள், உங்களுக்கு எவ்வளவு சிரிப்பு வருகிறதென்று.

அவளுக்கு ஒரே அண்ணன், செனன். எண்பத்தைந்தில் வேலை தேடி இங்கிலாந்துக்குப் போனவன், கவெண்ட்ரியில் கட்டட வேலை. அங்கேயே பாலீன் என்று ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் ஆகிவிட்டது. நல்லவன்தான், குறை சொல்ல மாட்டேன். கிறிஸ்துமஸுக்கு போன் பண்ணுவான். அம்மா சாவுக்கு வந்தான், இரண்டு ராத்திரி இருந்தான், போனான். அவ்வளவுதான். ஆனால் நோரீனைக் கேட்டால், "செனன் ஊருக்கு வந்ததும்" என்றுதான் எந்த வாக்கியமும் ஆரம்பிக்கும். ரோட்டோரமாக அப்பா அவனுக்கு வீடு கட்ட என்று ஒதுக்கிக் கொடுத்த மனை ஒன்று இருக்கிறது. கடல் தெரியும். ஒரு ஜெர்மன்காரர் வந்து விலைக்குக் கேட்டார், மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். அந்த மனைக்குள் ஒரு மாட்டைக்கூட விட்டதில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை புல் வெட்டி, கேட்டுக்கு பெயிண்ட் அடித்து வைத்திருப்பாள்.

இன்னொன்றும் வைத்திருந்தாள். அவனுடைய பாட்டு.

எங்கள் பக்கம் பாட்டுக்குச் சொந்தக்காரர் உண்டு. பப்பில் ஓர் இரவு உட்கார்ந்தால் ஒவ்வொருவராகப் பாடச் சொல்லுவார்கள், அவரவருக்கு அவரவர் பாட்டு. ஒருவருடைய பாட்டை இன்னொருவர் தொடக்கூடாது. அவரே கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அவர் கல்லறைக்குப் போயிருக்க வேண்டும். மைக்கோ கான்சிடைன் ஒருநாள் கழிவறைக்குப் போன நேரத்தில் விஷயம் தெரியாத ஒருவன் அவர் பாட்டை எடுத்துவிட்டான். மைக்கோ திரும்பி வந்து, கதவிலேயே நின்று முழுப் பாட்டையும் கேட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். அந்த பப்பில் அவர் மறுபடி கால் வைக்க அதன் முதலாளி சாக வேண்டியிருந்தது.

செனனுடைய பாட்டு அவர்கள் மாமா டோனல் வழியாக அவனுக்கு வந்தது. குத்தகை கொடுக்க முடியாமல் வீட்டை விட்டு விரட்டப்பட்ட ஒரு குடும்பத்தின் பாட்டு. அதிகாரிகள் வந்து அடுப்பை அணைக்கிறார்கள். அதற்கு முந்தி அந்த வீட்டுக்காரி ஒரு தணலை எடுத்துப் பக்கத்து வீட்டுக்காரியின் அடுப்பில் போட்டுவிட்டுக் கப்பல் ஏறுகிறாள், நான் வரும்வரை அணையாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி. எங்கள் ஊரில் நடந்தது, எங்கள் ஊரில் மட்டும் பாடுவது. செனன் போனதிலிருந்து யாரும் பாடவில்லை. யாராவது ஆசைப்பட்டு அந்தப் பாட்டைப் பற்றி வாயெடுத்தால் நோரீன் சொல்லுவாள், "அது செனனோட பாட்டு. வந்து அவனே பாடுவான்." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஆங்கிலேயரை எதிர்த்து நடந்த ஈஸ்டர் எழுச்சிக்கு நூறு வருஷம் ஆனபோதுதான் சிக்கல் வந்தது. நாடு முழுக்க விழா. எங்கள் பாடகர் குழுவும் ஏதாவது செய்ய வேண்டும் என்றார் பங்குத்தந்தை. உயர்நிலைப் பள்ளியின் இசை மாஸ்டர் ஓரன் டிவேன், டப்ளின்காரர், பொறுப்பெடுத்துக்கொண்டார். அயர்லாந்தின் சரித்திரம் முழுவதையும் பழைய பாட்டுகளிலேயே சொல்வது என்று திட்டம். பிரபுக்கள் கப்பலேறி ஓடியது, ஈட்டி தூக்கிய கலகம், பஞ்சம், குத்தகைச் சண்டை, பிழைக்கப் போனவர்களின் அமெரிக்கக் கப்பல், எழுச்சி, விடுதலை. அதற்குப் பிறகு அண்ணன் தம்பி அடித்துக்கொண்ட உள்நாட்டுப் போரை ஒரே ஒரு பாட்டில் வேகமாகத் தாண்டிவிடுவதாக ஏற்பாடு. இரண்டு பக்கத்துப் பேரன்களும் ஒரே டெனர் குரல் வரிசையில் நிற்கிறார்களே, வேறு என்ன செய்வது.

குத்தகைச் சண்டைக்கு ஓரன் மாஸ்டர் வானொலியின் பழைய ஒலிப்பதிவுகளைத் தேடி, டோனல் மாமா பாடிய தணல் பாட்டைக் கண்டுபிடித்துவிட்டார். புதையல் கிடைத்த மாதிரி குதித்தார் மனிதர். நான்கு குரலுக்கு அழகாகப் பிரித்து எழுதிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தார். அன்றைக்கு நோரீன் வீட்டில் மாடு கன்று ஈனுகிற நேரம், அவள் வரவில்லை.

தாளைக் கொடுத்தார். பியானோவில் சுருதி கொடுத்தார். கையைத் தூக்கினார். ஒரு சத்தம் இல்லை. முப்பது பேருக்கும் வாயில் கொழுக்கட்டை. பேஸ் குரல் வரிசை முழுவதும் மண்டபத்தின் கூரையில் ஈரக்கசிவு எங்கெங்கே என்று ஆராய்ந்தது. நான் என் ஷூவைப் பார்த்தேன்.

"சுருதி உயரமா இருக்கா? இறக்கித் தரட்டுமா?" என்றார் மாஸ்டர். இறக்கினார். மறுபடி கையைத் தூக்கினார். மறுபடியும் சத்தம் இல்லை.

"தொண்டை கட்டியிருக்கு எல்லாருக்கும். காத்து சரியில்ல," என்றார் மைக்கோ. அதற்கு முந்திய பாட்டில் ஜன்னல் அதிர்ந்தது.

எங்கள் ஆட்களைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். முடியாது என்று நேராகச் சொன்னால் நாக்கு அழுகிவிடும் இவர்களுக்கு. அந்த மனிதர் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் நான்தான் வாயைத் திறந்தேன். "மாஸ்டர், அது செனன் டால்ட்டியோட பாட்டு."

"யாரு செனன்? குழுவுல இருக்காரா?"

"கவெண்ட்ரியில இருக்கான்."

"எப்பப் போனார்?"

"எண்பத்தஞ்சுல."

ஓரன் மாஸ்டர் என்னைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். விளையாட்டு இல்லை என்று புரிந்தது. அதற்கு அந்த மனிதரை மெச்ச வேண்டும், சிரிக்கவில்லை. தாளை எல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு மறுநாள் நேராக நோரீன் வீட்டுக்குப் போய்க் கேட்டார். அவள் வழக்கமான பதிலைச் சொன்னாள், வந்து அவனே பாடுவான் என்று. மாஸ்டர் வெள்ளந்தியாகச் சொன்னாராம், "அப்ப அவரையே கூப்பிடுங்களேன். ஏப்ரல்லதானே நிகழ்ச்சி. வந்து பாடட்டும்."

முப்பது வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் தோன்றாத யோசனை. தோன்றியிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்.

அன்று சாயங்காலம் அவள் என் கடைக்கு வந்தபோது ஆளே வேறு. மேல் அறை மெத்தையைக் காற்றாடப் போட்டாளாம். மனைக்குள் போய் அளந்து பார்த்தாளாம். "அவனைக் கூப்பிட இதுவரைக்கும் ஒரு காரணம் இல்லாம இருந்துச்சுடி கொரெட்டி. சும்மா வான்னு எப்படிக் கூப்பிடறது? இப்ப ஊரே கூப்பிடுது," என்றாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. பயமாக இருந்தது எனக்கு. நல்லது நடக்கட்டும் என்று மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து அவள் வீட்டில் டீ. சோடா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே போன் பண்ணினாள், கையெல்லாம் மாவு என்பதால் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் திண்டில் வைத்தாள். நான் எழுந்து வெளியே போகப் பார்த்தேன். கண்ணாலேயே உட்கார் என்றாள்.

"செனன், நான்தான்."

"யாரு செத்தா?" என்றான் செனன்.

"யாரும் சாகல. நம்ம மண்டபத்துல பெரிய நிகழ்ச்சி. தேசத்துச் சரித்திரத்தையே பாட்டா பாடறோம்."

"நீயுமா? பாவம், உங்க மாஸ்டர் யாரோ."

"வாயை மூடு. உன் பாட்டு வேணுமாம் அவருக்கு. நீதான் வந்து பாடணும். ஏப்ரல் மாசம். மேல் ரூமை ரெடி பண்ணிட்டேன்."

"எந்தப் பாட்டு?"

நோரீனின் கை மாவில் நின்றது. "தணல் பாட்டுப்பா. டோனல் மாமா கொடுத்தாரே உனக்கு."

"அட, அதுவா. அதையெல்லாம் இன்னும் யாரு பாடறா?"

"யாரும் பாடல. உன்னுதாச்சே."

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, பிரியமான சிரிப்புதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். "நீயே பாடேன் நோரீன். எனக்கு முதல் அடி தாண்டி ஒண்ணும் ஞாபகம் இல்ல. நீயே வச்சுக்கோ."

"வரமாட்டியா?"

"முட்டியில ஆபரேஷன். பேத்திக்குக் கோயில்ல புதுநன்மைச் சடங்கு வேற வருது." அப்புறம் மெதுவாகச் சொன்னான், "ஊருக்கு வா, வீட்டுக்கு வான்னு எப்பவும் சொல்ற. எனக்கு வீடு இங்கதானே நோரீன். உனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"தெரியும், தெரியும். பாலீனைக் கேட்டதா சொல்லு," என்றாள்.

போனை நான்தான் அணைத்தேன். அவள் மாவை உருட்டித் தட்டி, நடுவில் கத்தியால் சிலுவை கீறி அடுப்புக்குள் வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"அவன் காலை உடைச்சா என்ன," என்றேன்.

"முட்டி ஏற்கெனவே போயிருச்சாம்டி." டீக் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "கேட்டியா எப்படிக் கொடுத்தான்னு. பழைய சட்டையைக் கொடுக்கற மாதிரி கொடுத்தான்."

அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. கடைக்கு வந்தால் டீயைக் குடித்துவிட்டுப் போனாள். நானும் கேட்கவில்லை. கேட்பது எப்படி? அந்தப் பாட்டை அவள் பாடினால் செனன் இனி வரமாட்டான் என்று ஊர் முன்னால் அவளே சொன்ன மாதிரி. பாடாவிட்டால், அவன் வாயாலேயே கேட்டதைக் கேட்காத மாதிரி இருக்க வேண்டும். இரண்டில் எது அவளுக்கு லேசு என்று எனக்குத் தெரியவில்லை. ஓரன் மாஸ்டர் குத்தகைச் சண்டைக்கு வேறு பாட்டு ஒன்றைத் தயார் செய்து வைத்தார், யாருக்கும் பிடிக்காத பாட்டு.

ஒருநாள் எனிஸ் டவுனுக்குச் சரக்கெடுக்கப் போகிற வழியில் பார்த்தேன். செனனின் மனையில் மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஒன்றில்லை, எல்லா மாடும். பெயிண்ட் அடித்த கேட் திறந்து கிடந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த ஒத்திகைக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "மாஸ்டர், அந்தப் பாட்டை நான் பாடறேன். தனியா. பின்னாடி நாலு குரலெல்லாம் வேண்டாம்."

"பியானோ?"

"வேண்டாம்."

"ஒரு தடவை பாடிக் காட்டறீங்களா, நேரம் பாத்துக்க?"

"அன்னிக்குப் பாடறேன்," என்றாள். மாஸ்டர் அதற்கு மேல் கேட்கவில்லை. கில்ஃபாராவில் அவரும் கொஞ்சம் கற்றுக்கொண்டிருந்தார்.

நிகழ்ச்சி அன்று மண்டபம் நிரம்பி, ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். நாங்கள் கறுப்பு உடையும் பச்சைக் கழுத்துத் துணியுமாக மூன்று வரிசை. பிரபுக்கள் ஓடினார்கள், கலகம் தோற்றது, பஞ்சம் வந்தது. பஞ்சப் பாட்டில் பின்வரிசைப் பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள், அது வழக்கம். அப்புறம் நோரீன் வரிசையை விட்டு இறங்கி முன்னால் போய் நின்றாள்.

பாட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல் எங்கள் பக்கம் யாரும் பாட மாட்டார்கள். அவளும் சொன்னாள். "இது எங்க மாமா டோனல் ஹெகிர் பாட்டு. அவருக்கு அப்புறம் எங்க அண்ணன் செனன் பாட்டு. இப்ப எனக்கு வந்திருக்கு."

மண்டபத்தில் சுருக்கென்று ஒரு மூச்சு. முன்வரிசையில் ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். மைக்கோ தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு ஏன் என்று அப்போது உறைக்கவில்லை.

நோரீனுக்குப் பெரிய குரல் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, கை இரண்டையும் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, பஸ்ஸில் பிள்ளைகள் பெயரைக் கூப்பிடுகிற அதே குரலில் பாடினாள். எந்த இடத்திலும் அழகு சேர்க்கவில்லை. எல்லா அடியும் அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாளும் வாய்விட்டுப் பாடாதவளுக்கு எப்படித் தெரிந்திருந்தது என்று யோசித்தேன். மாட்டுக் கொட்டகையில் பாடியிருப்பாள், வேறெங்கே. முடித்ததும் யாரும் கை தட்டவில்லை. அவள் வரிசைக்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றாள், நாங்கள் அமெரிக்கக் கப்பலைப் பாட ஆரம்பித்தோம்.

எல்லாம் முடிந்து டீயும் ஹாம் சாண்ட்விச்சும் கொடுக்கிற நேரம். நோரீன் சுவரோரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மைக்கோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் முன்னால் வந்து கையை நீட்டினார்.

"உன் துக்கத்துல பங்கெடுக்கறேன் நோரீன். அருமையான பையன்."

சாவு வீட்டில் வரிசையில் நின்று கை கொடுத்துச் சொல்கிற வார்த்தை அது. அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. பாட்டு அவளுக்கு வந்துவிட்டது என்றால் செனன் போய்விட்டான் என்று பாதி மண்டபம் முடிவு கட்டியிருந்தது. மைக்கோவுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் இன்னும் பேர், வரிசை ஏற்கெனவே டீ மேசையைத் தாண்டிவிட்டது.

"மைக்கோ, அவன் சாகல. நல்லா இருக்கான், கவெண்ட்ரியில," என்றாள் நோரீன்.

மைக்கோவின் காதெல்லாம் சிவந்தது. "அப்படியா. ஆண்டவருக்கு நன்றி. நல்லது, ரொம்ப நல்லது," என்று சொல்லிக்கொண்டே சாண்ட்விச் பக்கம் நழுவினார். அடுத்தவளுக்கும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவரிடமும். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அப்புறம் ப்ரீடா மேரினன் வந்தாள். தபால் அலுவலகத்து ப்ரீடா. நோரீனின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "உன் துக்கத்துல பங்கெடுக்கறேன் நோரீன்," என்றாள்.

"ப்ரீடா, அவன் உயிரோடதான் இருக்கான்."

"தெரியும்மா. கவெண்ட்ரியில இருக்கிற என் தங்கச்சி போன மாசம்கூட அவனைப் பூசையில பாத்திருக்கா," என்றாள் ப்ரீடா. கையை விடவில்லை.

நோரீன் நிமிர்ந்து அவளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். முகம் உடைந்து, கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைக்கவில்லை. "வந்ததுக்கு நன்றி ப்ரீடா," என்றாள்.

அதற்கப்புறம் அவள் யாரையும் திருத்தவில்லை. வந்தவர்கள் எல்லாரும் கை கொடுத்தார்கள், சொன்னார்கள், நகர்ந்தார்கள். அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரியாதவர்கள் அதற்குள் யாரும் மிச்சமில்லை, அந்த மண்டபத்தில் எந்தச் செய்தியும் அவ்வளவு மெதுவாகப் போகாது. ஆனாலும் வரிசையை விட்டு ஒருவரும் போகவில்லை. மைக்கோ சாண்ட்விச் தட்டை வைத்துவிட்டு வந்து மறுபடியும் கடைசியில் நின்றார். உள்நாட்டுப் போரின் இரண்டு பக்கத்துப் பேரன்களும் ஒருவர் பின்னால் ஒருவராக நின்றார்கள். ஓரன் மாஸ்டர் தூரத்தில் நின்று பார்த்தார், பாராட்டுகிற வரிசை என்று முதலில் நினைத்திருப்பார். பக்கத்தில் வந்து என்ன சொல்கிறார்கள் என்று கேட்டதும், கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அவரும் நின்றார்.

நான் மைக்கோவுக்குப் பின்னால் நின்றேன். அவள் கை ஜில்லென்றிருந்தது.

"உன் துக்கத்துல பங்கெடுக்கறேன் நோரீன்," என்றேன்.

"வந்ததுக்கு நன்றி கொரெட்டி," என்றாள். ஒரே காரில் வந்தவர்கள் நாங்கள்.